அம்மி நகர்ந்த துறைமுகம்

மேற்கு அவுஸ்திரேலியாவின் பிரீமாண்டில் நகர மண்டபத்தில் நடந்த பொங்கல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

பெருமதிப்புக்குரிய விழாத் தலைவர் அவர்களே, இந்த மண்ணுக்கு உரியவர்கள் சார்பில் நூங்கார் மொழியில் நம்மை வரவேற்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூதாட்டி அவர்களே, நகர முதல்வரின் பிரதிநிதியாக வந்து, ஒரு சொல்லும் புரியாத நிலையிலும் ஒன்றரை மணி நேரமாக முகம் சுளிக்காமல் வேட்டியைப் பிடித்தபடி வீற்றிருக்கும் நகர சபை உறுப்பினர் அவர்களே, நம் சங்கத்தின் முன்னாள் தலைவர்களே, தமிழ்ப் பாடசாலை ஆசிரியப் பெருமக்களே, ஒலிவாங்கியை இதுவரை மூன்று முறை சரிசெய்து கொடுத்த தம்பி அவர்களே, மண்டபத்தின் பின்புறம் கொதிக்கும் எண்ணெய்க்கு முன் நின்றுகொண்டிருப்பதால் என் பேச்சிலிருந்து தப்பிவிட்ட தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

யாருடைய பெயராவது விடுபட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும். இதை வெறும் உபசாரமாகச் சொல்லவில்லை. அதற்கு இந்த மண்டபத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. இந்தக் கட்டடம் 1887ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள், விக்டோரியா மகாராணியின் பொன்விழாவை ஒட்டித் திறந்து வைக்கப்பட்டது. மறுநாள் இரவு இங்கே சிறுவர்களுக்கான மாறுவேட நடன விருந்து நடந்தபோது, உள்ளே விடமுடியாது என்று தடுக்கப்பட்ட மதுவிடுதிக்காரர் ஒருவர், தம்மைத் தடுத்த நகர சபை உறுப்பினர் ஸ்னூக் என்பவரைத் துப்பாக்கியால் சுட்டுவிட்டார். காயப்பட்ட உறுப்பினர் சில மாதங்களில் இறந்தார். சுட்டவர் அதே ஆண்டில் தூக்கிலிடப்பட்டார். அழைப்பிதழில் பெயர் விடுபட்டவர்கள் என்மீது கோபம் கொள்ளாதிருக்க வேண்டும் என்று நான் ஏன் இவ்வளவு வருந்திக் கேட்கிறேன் என்பது இப்போது விளங்கியிருக்கும்.

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு "நம் துறைமுக நகரமும் நாமும்" என்பதாகும். மூன்று செய்திகளைச் சொல்ல எண்ணியிருக்கிறேன். முதலாவது, இந்தத் துறைமுகம் எப்படி உண்டாயிற்று என்பது; இரண்டாவது, இந்த ஊரின் திருவிழாக்கள்; மூன்றாவது, கொள்கலன் கப்பல்களைத் தெற்கே குவினானாவுக்கு மாற்றுவதற்கு மாநில அரசு வகுத்திருக்கும் திட்டமும் அதனால் நமக்கு வரக்கூடிய மாற்றங்களும்.

அதற்கு முன் ஒரு பழமொழி. என் தாயார் யாழ்ப்பாணத்திலிருந்து என்னோடு வந்து சேர்ந்தபோது, பயணப்பெட்டியின் பாதி எடையை ஒரு அம்மிக் குழவிக்கே கொடுத்திருந்தார். விமான நிலையத்தில் உயிர்ப்பாதுகாப்பு அதிகாரி அந்தக் கல்லை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்து, மண் ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் சுரண்டி, "இது எதற்கு?" என்று கேட்டார். "அரைப்பதற்கு" என்று நான் சொன்னேன். என் தாயாரோ தமிழிலேயே, "அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று அவரிடம் சொல்" என்றார். அன்றிலிருந்து எந்த மேடையிலும் இந்தப் பழமொழியை நான் விடுவதில்லை. விடச் சொல்லிப் பலர் கேட்டுக்கொண்டும் இருக்கிறார்கள்.

இந்தத் துறைமுகம் அந்தப் பழமொழியின் பிள்ளை. சுவான் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் சுண்ணாம்புப் பாறைத் திட்டு ஒன்று குறுக்கே கிடந்தது. பெரிய கப்பல்கள் உள்ளே வர வழியில்லை. ஆற்றுக்குள் துறைமுகம் கட்டினால் மணல் வந்து மூடிவிடும் என்று லண்டனில் அன்று பெரும்பெயர் பெற்றிருந்த பொறியியலாளர் சேர் ஜோன் கூட் எச்சரித்திருந்தார். 1891இல் மேற்கு அவுஸ்திரேலியாவின் தலைமைப் பொறியியலாளராக வந்த சி. வை. ஓகொனர், கடலையும் மணலையும் தாமே அளந்து பார்த்து, முடியும் என்றார். பாறையை வெடி வைத்துத் தகர்த்து, அடியைத் தோண்டி, 1897ஆம் ஆண்டு மே மாதம் துறைமுகத்தைத் திறந்தார்கள். 1900இலிருந்து தபால் கப்பல்களும் தெற்குக் கரைத் துறைமுகமான அல்பனியை விட்டு இங்கே வரத் தொடங்கின. கொழும்பை விட்டுப் புறப்பட்ட பயணிகள் கப்பல்கள் இந்துமாகடலைக் கடந்து முதலில் தொட்ட அவுஸ்திரேலிய மண், அந்தப் பாறை இருந்த வாசல்தான். ஓகொனரோ 1902இல், தங்கவயல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் திட்டத்துக்காகப் பத்திரிகைகளின் வசையைக் கேட்டுக் கேட்டு மனமுடைந்து, குதிரையில் ஏறிப் பிரீமாண்டிலுக்குத் தெற்கே கடலுக்குள் இறங்கி உயிரை மாய்த்துக்கொண்டார். மறு ஆண்டு தண்ணீர் போய்ச் சேர்ந்தது. அவர் சிலையைக் கடக்கும்போதெல்லாம், அம்மி நகர்ந்தது, அடித்தவர் அதைப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டாவது செய்திக்கு வருகிறேன். ஒவ்வோர் ஒக்டோபரிலும் புனித பத்திரிசியார் பேராலயத்திலிருந்து மாதாவின் திருவுருவங்களைத் தோளில் சுமந்து மீன்பிடிப் படகுத்துறை வரை ஊர்வலமாகப் போய்ப் படகுகளுக்கு ஆசீர்வாதம் செய்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இத்தாலியின் மொல்பெட்டாவிலிருந்து வந்த மீனவர்கள் 1948இல் அதைத் தொடங்கினார்கள். கப்போ டோர்லாண்டோ ஊர்க்காரர்களின் மாதாவும் பின்னர் சேர்ந்துகொண்டார். முதல்முறை அந்த ஊர்வலத்தைப் பார்த்தபோது, பாசையூர் அந்தோனியார் திருவிழாவையும் நல்லூர்த் தேரையும் ஒரே தெருவில் கண்டதுபோல எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஊர்வலத்தோடு தொடர்புடைய ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். சற்று நீளம், தலைவர் மன்னிக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தவர் முதிய இத்தாலியர். வாழ்நாளெல்லாம் சிங்க இறால் படகில் போனவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒக்டோபரில் ஒரு மாலை, ஊர்வலத்தில் அணியும் பட்டுப் பட்டியைச் சலவை செய்து கொடியில் காயப்போட்டபடியே, வேலிக்கு மேலால் என்னை எட்டிப் பார்த்து, "வாக்குச் சீட்டைத் திருப்பி அனுப்பிவிட்டாயா?" என்று கேட்டார். எந்த வாக்குச் சீட்டு என்று நான் விழித்தேன். உள்ளூராட்சித் தேர்தலின் தபால் உறை, வேட்பாளர்களின் விவரக் குறிப்போடு மூன்று வாரத்துக்கு முன்பே வந்திருந்ததாம். வீட்டுக்குள் போய்க் கேட்டேன். பீட்சாக் கடை விளம்பரத்தோடும் வீடு விற்பனைத் துண்டுப் பிரசுரங்களோடும் சேர்த்து அதை மஞ்சள் மூடித் தொட்டியில் போட்டாயிற்று என்று என் மனைவியார் பதில் சொன்னார். தொட்டி ஏற்கெனவே வீதியோரத்தில் நின்றது. இருட்டிவிட்டது, காலையில் எடுக்கலாம் என்று நான் படுத்துவிட்டேன்.

காலை ஆறரைக்குக் குப்பை லொறியின் சத்தம் கேட்டது. இரண்டு வீடு தள்ளித்தான் நிற்கிறது. சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நான் ஓடினேன். லொறியின் இரும்புக் கை எங்கள் தொட்டியைக் கவ்வித் தரையிலிருந்து ஒரு முழம் தூக்கியும்விட்டது. நான் கையைக் காட்டிக் கத்த, சாரதி நிறுத்தி, தொட்டியை இறக்கிவிட்டு, உள்ளே ஏதோ குழந்தையோ பூனையோ இருக்கிறது என்று நினைத்துப் பதறி இறங்கி வந்தார். நான் தலைகீழாகக் குனிந்து, தேங்காய்ப்பால் தகரங்களுக்கும் தயிர்ப் போத்தல்களுக்கும் அடியிலிருந்து, மீன்குழம்புக் கறை படிந்த அந்த உறையை வெளியே எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். "வோட்டா?" என்றார் அவர். "வோட்டு" என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு ஏறிப் போய்விட்டார்.

இத்தனையையும் வாசற்படியில் காப்பிக் கோப்பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த கிழவர் சிரிக்கவில்லை. "1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் என் தந்தையின் படகைப் பிடுங்கிக்கொண்டு அவரை முகாமில் அடைத்தார்கள். குடியுரிமை பெறாதவர் என்பதால் எதிர்த்துக் கேட்க அவருக்கு ஒரு வாக்கும் இருக்கவில்லை. நீயோ குப்பைத் தொட்டியில் போட்டிருக்கிறாய்" என்றார். அன்று போர்க்காலத்தில் பிரீமாண்டில் மீனவர்கள் பலருக்கு நேர்ந்தது அது. தபாலில் அனுப்பக் காலம் கடந்துவிட்டதால், மீன்குழம்பு மணக்கும் அந்த உறையை நானே நகர சபை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கையளித்தேன். வாங்கிய பெண்மணி முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாதது அவருடைய பெருந்தன்மை.

எதற்காக இதை இவ்வளவு விரித்தேன் என்றால், இந்த நாட்டில் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்காமல் விட்டால் 20 டொலர் தண்டம் கட்ட வேண்டும். மாநிலத் தேர்தலிலும் வாக்களிப்பது கட்டாயம். ஆனால் மேற்கு அவுஸ்திரேலியாவில் உள்ளூராட்சித் தேர்தலில் மட்டும் வாக்களிப்பது விருப்பத்தைப் பொறுத்தது. தண்டம் இல்லை என்றவுடன் மூன்றில் இரு பங்கினர் வீட்டிலிருந்துவிடுகிறார்கள். பிரதமரைத் தெரிவு செய்யும் வாக்குக்கு வரிசையில் நிற்கும் நாம், இந்த மண்டபத்தின் வாடகையையும், நூல்நிலையத்தில் தமிழ்ப் புத்தகம் இருக்குமா என்பதையும், பிள்ளைகள் விளையாடும் பூங்காவையும், வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை கட்ட அனுமதி கிடைக்குமா என்பதையும் தீர்மானிக்கும் வாக்கைப் பீட்சா விளம்பரத்தோடு வீசுகிறோம். இன்று காலை வாசலில் நாம் பொங்கிய பானைக்கு விறகு மூட்ட வழியில்லாமல் வாயு அடுப்பு வைத்தோமே, கோடையில் நெருப்புக்குத் தடை விதிப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்த அடுப்பை எங்கே வைக்கலாம், எத்தனை மணிக்குள் அணைக்க வேண்டும் என்று பேசி முடிவு செய்த இடமும் நகர சபைதான்.

அந்தச் சபையை மக்கள் அசைத்ததும், அந்தச் சபை மேலிடங்களை அசைத்ததும் இந்த ஊர் வரலாற்றில் உண்டு. 1979 செப்ரெம்பரில் சேர் சார்ள்ஸ் கோர்ட்டின் மாநில அரசு பேர்த்துக்கும் பிரீமாண்டிலுக்கும் இடையிலான பயணிகள் புகையிரதத்தை நிறுத்தி, பேருந்து போதும் என்றது. அப்போது இந்த நகர சபையில் உறுப்பினராக இருந்த பீற்றர் நியூமன் என்ற இளம் விரிவுரையாளரும் அவருடைய நண்பர்களும் வீடு வீடாகப் போய் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டினார்கள். உடனே ஒன்றும் நடக்கவில்லை. அடிமேல் அடி அடித்தார்கள். ஆட்சி மாறி, 1983 ஜூலையில் புகையிரதம் திரும்பவும் ஓடியது. இன்று உங்களில் பாதிப் பேர் அதில் ஏறித்தான் இங்கே வந்திருக்கிறீர்கள். மற்றப் பாதிப் பேர் வாகனத்தை நிறுத்த இடம் தேடி அலைந்திருப்பீர்கள்; அதுவும் நகர சபையின் விடயமே.

ஜனவரியில் கூடியிருக்கிறோம் என்பதால் இன்னொன்றையும் தொட்டுச் செல்ல வேண்டும். 2016இல் இந்த நகர சபை, அவுஸ்திரேலிய தினமான ஜனவரி 26 அன்று வாணவேடிக்கை நடத்துவதில்லை என்று முடிவு செய்து, 2017இல் ஜனவரி 28 அன்று அனைவருக்குமான வேறொரு விழாவை நடத்தியது. அந்த விழாவில் குடியுரிமை வழங்கக் கூடாது என்று கன்பராவிலிருந்து அழுத்தம் வந்தது. இந்த முடிவை எதிர்த்தவர்கள் நம்மவர்களிலும் உண்டு. அவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் வால்யலப் என்ற இந்த இடத்தின் பழைய பெயரை வைத்தே ஒன்றை எண்ணிப் பாருங்கள். 1788இல் சிட்னியில் கொடியேறிய நாளுக்கும் இந்தக் கரைக்கும் தொடர்பில்லை. இங்கே தளபதி பிரீமாண்டில் கொடி நாட்டியது 1829 மே மாதத்தில். இரண்டு ஆண்டுக்குள் வட்டச் சிறை கட்டினார்கள். பின்னர் நூங்கார் உள்ளிட்ட பூர்வகுடி ஆண்களையும் சிறுவர்களையும் அங்கே அடைத்து வைத்து, வஜெமப் தீவுக்கு விலங்கோடு படகேற்றினார்கள். அந்தத் தீவுச் சிறைக்குச் சுமார் 4,000 பேர் போனார்கள். 370க்கும் மேற்பட்டோர் அங்கேயே புதைக்கப்பட்டார்கள். இன்று விடுமுறைக்கு நாம் குவொக்கா என்ற சிறு விலங்கைப் பார்க்கப் போகும் ரொட்னெஸ்ற் அதுதான். நிலம் பறிபோவது என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முன்வரிசையில் இருக்கும் அம்மையாரின் வரவேற்பைக் கேட்டுக் கைதட்டினோம்; நன்று. அந்தக் கைதட்டலுக்கு வெளியே, இது பற்றி நம் சமூகம் என்ன நினைக்கிறது என்று நகர சபை அறிய வேண்டுமானால், நம் பெயர்கள் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும்.

குவினானா விடயத்துக்கு நேரம் போதாது என்று தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். 1919இல் இதே துறைமுகத்தில் சுமைதூக்கும் தொழிலாளர்களுக்கும் பொலிசாருக்கும் நடந்த மோதலையும், அதில் அடிபட்டு இறந்த ரொம் எட்வர்ட்சையும் பற்றியும் சொல்ல எண்ணியிருந்தேன், அதற்கும் இடமில்லை. நடைமுறையை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

உள்ளூராட்சித் தேர்தல் ஒற்றைப்படை ஆண்டுகளில், ஒக்டோபரின் மூன்றாம் சனிக்கிழமை வரும். குடியுரிமை பெற்று மாநிலப் பட்டியலில் பதிந்தவர்கள், வாடகை வீட்டில் இருந்தாலும், வாக்களிக்கலாம். வீடு சொந்தமாக இருக்க வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்ட கதையை நம்ப வேண்டாம். முகவரி மாறியவர்கள் பதிவையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் உறை பழைய வீட்டுக்கே போகும். 2023 முதல் வேட்பாளர்களை விருப்ப வரிசையில் 1, 2, 3 என்று எண்ணிட்டுக் காட்டலாம். உறையோடு வரும் உறுதிச் சீட்டில் கையொப்பமிட மறக்காதீர்கள். கையொப்பமில்லாத உறை எண்ணப்படாது. சங்கத்தின் செயற்குழு எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவில்லை, நானும் யாருக்கும் கேட்க வரவில்லை.

பதிவுப் படிவங்கள் வெளியே, வடைத் தட்டுக்குப் பக்கத்து மேசையில் இருக்கின்றன. படிவத்தை நிரப்பியவர்களுக்கு முதலில் வடை என்று செயலாளரோடு பேசி ஒழுங்கு செய்திருக்கிறேன். தாய்மார்கள் இதற்கு ஒத்துக்கொண்டார்களா என்பது இன்னும் உறுதியாகவில்லை. பேனாக்களைத் திருப்பித் தந்துவிடுங்கள், போன ஆண்டு வைத்த பன்னிரண்டில் இரண்டுதான் மிஞ்சியது. பொறுமையோடு கேட்ட அனைவருக்கும், எனக்காக இரண்டு முறை மணி அடிக்காமல் விட்ட தலைவர் அவர்களுக்கும் நன்றி. வணக்கம்.