கறுப்புச் சன்னலுக்கு ஒரு முகப்பு

நேயர்களுக்கு வணக்கம். இணையப் பக்கம் செய்யத் தெரிந்தவர்கள், அந்தக் கைவேலையை வைத்தே கணினிக்கான செயலியும் செய்வது எப்படி என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பயப்படாதீர்கள், நிரலை வாசித்துக் காட்டப் போவதில்லை. அரைப்புள்ளி, அடைப்புக்குறி என்று நான் ஒப்பிக்க ஆரம்பித்தால் நீங்கள் பாட்டு போடும் நிலையத்துக்குப் போய்விடுவீர்கள்.

நான் பாத்திரத்தில் இருந்து தொடங்குகிறேன். என் சித்தப்பா பாத்திர வாடகைக் கடை வைத்திருக்கிறார். அண்டா, குண்டான், தேக்சா, கொப்பரை, ஜல்லிக் கரண்டி, ஜமக்காளம் எல்லாம் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வரும். போவது முழுசாகப் போகும், வருவது குறைச்சலாக வரும். கரண்டி மட்டும் எந்தக் கல்யாணத்திலும் முழு எண்ணிக்கையில் திரும்பியதே இல்லை என்பார். இந்தக் கணக்குக்காகச் சி ஷார்ப் என்ற நிரல்மொழியில் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். கன்சோல் நிரல். அதாவது கறுப்புச் சன்னல் திறக்கும், ஒரு கேள்வி கேட்கும், பதிலைத் தட்டினால் அடுத்த கேள்வி. கணினி படித்தவர்கள் எல்லோரும் முதல் வாரத்தில் எழுதுவது அதுதான்.

கணக்கு சரியாக வந்தது. எழுத்துதான் வரவில்லை. முதலில் எல்லாம் கேள்விக்குறி. எழுத்துகளை எண்ணாக வைக்கும் குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என்று மாற்றினேன், கேள்விக்குறி போய்க் கட்டம் வந்தது. தமிழ் இருக்கும் எழுத்துருவைப் போட்டேன், எழுத்து வந்தது. ஆனால் கொப்பரை கொப்பரையாக வரவில்லை. கொம்பு ஓரிடம், கால் ஓரிடம், புள்ளி தனியாக வேறோர் இடம். சித்தப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "என்னடா, பாத்திரமெல்லாம் நசுங்கிப் போய் வந்திருக்கு?" என்றார்.

நசுங்கியதற்குக் காரணம் உண்டு. கறுப்புச் சன்னல் தன் பரப்பைச் சமமான கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆங்கில எழுத்து கட்டத்துக்கு ஒன்றாக உட்கார்ந்துவிடும். 'கொ' அப்படி உட்காராது. நினைவகத்தில் அது க, அப்புறம் ஒகரக் குறி என்று இரண்டே எண். திரையில் வரும்போது அந்த ஒரு குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் போய் நிற்க வேண்டும். இந்த இடம் மாற்றும் வேலையைச் செய்யத் தனி ஏற்பாடு தேவை. உலாவியில் அது இருக்கிறது. தினமும் செய்தித் தளம் படிக்கிறீர்கள், எங்காவது கொம்பு கழன்று விழுந்திருக்கிறதா? அப்படியானால் எழுத்துக் காட்டும் வேலையை உலாவியிடமே விட்டுவிடலாமே என்று தோன்றியது. நான் இந்தப் பக்கம் வந்தது அழகுக்காக இல்லை. கொப்பரைக்காக.

இந்த யோசனை பழையது. 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 வந்தபோதே, ஹெச்டிஎம்எல் என்ற இணையப் பக்க மொழியில் எழுதிய கோப்பை ஒரு செயலியாக ஓட்டும் வசதி அதில் இருந்தது. பெரிய அளவில் பரவியது எலக்ட்ரானால். கிட்ஹப் நிறுவனம் 2013-இல் ஆட்டம் என்ற நிரல் எழுதும் கருவிக்காகச் செய்த உள்கூடு அது. 2015-இல் எலக்ட்ரான் என்று பெயர் மாறியது. அந்த ஆட்டம் 2022 முடிவில் மூடப்பட்டுவிட்டது, கூடு மட்டும் நிலைத்துவிட்டது. இன்று நிரலாளர்கள் பாதிப் பேர் மேசையில் திறந்திருக்கும் விஎஸ் கோட் என்ற நிரல் எழுதும் கருவி அதன்மேல்தான் ஓடுகிறது. நல்ல கருவி, குறை சொல்ல மாட்டேன். சரி, ஒரே ஒரு குறை சொல்கிறேன். ஒவ்வொரு செயலியும் தனக்கென்று ஒரு முழு குரோமியம் உலாவியைச் சுமந்துகொண்டு வருகிறது. வெறும் 'வணக்கம்' சொல்லும் செயலிகூட 100 எம்பியைத் தாண்டிவிடும். சமையல்காரர் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் தன் வீட்டு அடுப்பையே பெயர்த்துக்கொண்டு போவாரா? மண்டபத்தில் அடுப்பு இருக்கிறதே.

மண்டபத்து அடுப்பு என்று நான் சொல்வது கணினியிலேயே இருக்கும் உலாவி எந்திரத்தை. விண்டோஸ் 11-இல் வெப்வியூ 2 கூடவே வருகிறது. மேக்கில் ஆப்பிளின் வெப்கிட் இருக்கிறது. லினக்ஸில் வெப்கிட் ஜிடிகே. இவற்றைக் கடன் வாங்கி ஒரு சன்னலைத் திறந்தால் போதும். அதற்குக் கருவிகள் இருக்கின்றன. ரஸ்ட் என்ற நிரல்மொழிக்காரர்களுக்கு டாரி உண்டு, 2022-இல் முதல் பதிப்பு. சி ஷார்ப் நிரல் ஓடும் தளம் டாட் நெட்; எங்களைப் போன்ற டாட் நெட் ஆட்களுக்கு ஃபோட்டினோ. ஸ்டீவ் சாண்டர்சன் என்ற நிரலாளர் 2019-இல் வெப்விண்டோ என்று ஒரு சோதனை முயற்சி செய்தார், அதிலிருந்து முளைத்தது இது.

எனக்குப் பிடித்தது என்னவென்றால், இதற்குத் தனி வகைத் திட்டம் எதுவும் வேண்டாம். அதே கன்சோல் திட்டம். அதில் ஃபோட்டினோ தொகுப்பைச் சேர்க்கிறோம். சன்னலுக்கு ஒரு தலைப்பு, திறக்க வேண்டிய பக்கத்தின் பெயர், மூடும்வரை காத்திரு என்ற கட்டளை, அவ்வளவுதான். என் பாத்திரக் கணக்கில் ஒரு வரியைக்கூட நான் தொடவில்லை. திரும்பவும் சொல்கிறேன், ஓடுகிற கறுப்பு நிரலைத் தூக்கிப் போடாதீர்கள். கணக்கு உள்ளே இருக்கட்டும், முகப்பை மட்டும் மாற்றுங்கள்.

முகப்பும் கணக்கும் எப்படிப் பேசிக்கொள்ளும்? கடையில் நடப்பதுபோலத்தான். கல்லாவில் சித்தப்பா ஒரு துண்டுச் சீட்டில் 'அண்டா 4, தேக்சா 2' என்று எழுதிப் பின்னால் கிடங்குக்கு அனுப்புவார். கிடங்குப் பையன் பார்த்துவிட்டு 'தேக்சா ஒன்றுதான் இருக்கு' என்று அதே சீட்டில் எழுதித் திருப்பி அனுப்புவான். பக்கம்தான் கல்லா, சி ஷார்ப் நிரல்தான் கிடங்கு. போவதும் வருவதும் வெறும் எழுத்துச் சரம், அதை ஜேசன் என்ற, தரவு எழுதும் வடிவில் மடித்து வைக்கலாம். கல்லாக்காரர் கிடங்குக்குள் புக வேண்டாம், கிடங்குப் பையன் வாடிக்கையாளரிடம் பேச வேண்டாம்.

இப்போது நான் வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சொல்ல வேண்டும். விண்டோஸில் தொடக்கச் செயற்கூற்றின் தலையில் 'எஸ்டிஏ த்ரெட்' என்று ஒரு குறிப்பை ஒட்ட வேண்டும். நான் ஒட்டவில்லை, சன்னல் திறக்க மறுத்தது. ஒரு மாலை போயிற்று. பக்கக் கோப்புகளை வெளியீட்டுக் கோப்புறைக்கு நகலெடுக்கச் சொல்ல மறந்தேன், காட்டுவதற்குப் பக்கமே இல்லை. இதெல்லாம் என்னோடு போகட்டும். கடையில் நடந்ததுதான் விசேஷம்.

செயலியைக் கொண்டுபோய் வைத்தேன். அழகான பக்கம், கொப்பரை கொப்பரையாகவே இருந்தது. சித்தப்பா இரண்டு நாள் பேசவே இல்லை, அவர் அகராதியில் அது பாராட்டு. மூன்றாம் நாள் ஃபோன். "டேய், மூடிட்டுப் போயிடுச்சுடா." எதுவும் செய்யவில்லை என்று சத்தியம் செய்தார். நேரில் போய்ப் பார்த்தேன். இது கன்சோல் திட்டம் அல்லவா, அழகான பக்கத்துக்குப் பின்னால் அந்தக் கறுப்புச் சன்னலும் வெறுமனே திறந்து நின்றுகொண்டிருந்தது. சித்தப்பா சுத்தக்காரர். உபயோகமில்லாமல் ஏதோ நிற்கிறதே என்று அதைப் பெருக்கித் தள்ளியிருக்கிறார். நிரல் ஓடுவதே அதில்தான். அதை மூடினால் முகப்பும் சேர்ந்து போய்விடும். முகூர்த்த நாளில் மூன்று முறை இப்படிப் போயிருக்கிறது. திருத்தம் என்ன தெரியுமா? திட்டக் கோப்பில் வெளியீட்டு வகை 'எக்ஸி' என்று இருந்ததை 'வின்எக்ஸி' என்று மாற்ற வேண்டும். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. அதற்கப்புறம் கறுப்புச் சன்னல் வெளியே தலைகாட்டாது.

இரண்டு நிமிடம் என்று கை காட்டுகிறார்கள். கரண்டிக் கதையில் நேரம் போய்விட்டது.

மீதியை ஓட்டமாகச் சொல்கிறேன். மண்டபத்து அடுப்பில் ஒரு சங்கடம், மண்டபத்துக்கு மண்டபம் அடுப்பு வேறு. மூன்று இயங்குதளத்திலும் எந்திரம் ஒன்றல்ல, ஆகவே மூன்றிலும் ஓட்டிப் பாருங்கள். எலக்ட்ரான்காரர்கள் உலாவியைச் சுமப்பது இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான், அந்த நியாயத்தை ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்று, கொடுக்கும் கணினியில் டாட் நெட் இல்லையென்றால் அதையும் சேர்த்துக் கட்டித்தான் கொடுக்க வேண்டும், அதுவே பல பத்து எம்பி. நானும் ஒரு மூட்டை சுமக்கிறேன், என்ன செய்வது.

பாதுகாப்பை விரிவாகப் பேச வைத்திருந்தேன், அரை நிமிடம்தான் இருக்கிறது. செயலியின் சன்னலில் வெளித் தளங்களைத் திறக்காதீர்கள், கிடங்கின் கதவு அந்தச் சன்னலில்தான் இருக்கிறது. வாடிக்கையாளர் பெயரை அப்படியே ஹெச்டிஎம்எல்லாகப் பக்கத்தில் ஒட்டாதீர்கள், வெறும் எழுத்தாகப் போடுங்கள். வருகிற சீட்டில் எழுதியதையெல்லாம் நிரல் செய்யக் கூடாது, தனக்குத் தெரிந்த நாலு வேலையை மட்டும்தான் செய்ய வேண்டும். காப்புப் பிரதி பற்றியும்... சரி, மணி காட்டிவிட்டார்கள். வணக்கம்.