அப்பத்தா இருக்காங்கல்ல, அப்புறம் என்ன?

நடுவர் அவர்களே, தங்கச்சிமடத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைக்கு அவர்கள் பாசமே போதும் என்று எதிரணி பேசியது. மனநல ஆலோசகரின் துணையும் வேண்டும் என்பது எங்கள் கட்சி. எதிரணித் தலைவர், "அப்பத்தா இருக்காங்கல்ல, அப்புறம் என்ன?" என்று கேட்டபோது பந்தலே கைதட்டியது. நானும் தட்டினேன். அப்பத்தாவுக்குத் தட்டாத கை இந்த ஊரில் ஏது?

சரி, பிள்ளை எப்படி அப்பத்தாவிடம் வந்து சேர்ந்தது? கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. அல்லது எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருக்கிறார். அல்லது இரண்டு பேருமே பிழைப்புக்குத் திருப்பூர் போய்விட்டார்கள். எப்படியானாலும், பிள்ளைக்கு அவர் அப்பா; அப்பத்தாவுக்குத் தான் பெற்ற மகன். தான் அழுதால் பிள்ளை பயந்துவிடும் என்று அப்பத்தா வாய் திறப்பதில்லை. கேட்டால் அப்பத்தா அழும் என்று பிள்ளையும் கேட்பதில்லை. பாசம் இருப்பதால்தானே இந்த மௌனம்? இதில் இன்னும் பாசத்தைக் கூட்டி என்ன செய்வது?

"நான் கண்ண மூடிட்டா உன்ன யாருடா பாப்பா?" இந்த வார்த்தையைச் சொல்லாத பாட்டி இருந்தால் காட்டுங்கள். தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது சொல்வார், சோறு போடும்போது சொல்வார். நமக்கு அது புலம்பல். ஏற்கெனவே அம்மாவைப் பறிகொடுத்த ஏழு வயதுப் பையனுக்கு அது தேதி குறிக்காத அறிவிப்பு. அவன் ராத்திரி விழித்துப் படுத்து, பாட்டிக்கு மூச்சு வருகிறதா என்று பார்ப்பான். காலையில் வயிற்றுவலி என்பான், பள்ளிக்கூடம் போகமாட்டான். அவன் வீட்டில் இருப்பது பாட்டிக்குக் காவலாக! நாமோ ஓமத்தண்ணி கொடுக்கிறோம், மந்திரித்துக் கயிறு கட்டுகிறோம். வாத்தியார் சோம்பேறி என்கிறார்.

நல்ல ஆலோசகர் பையனோடு சேர்த்து அப்பத்தாவையும் உட்காரவைப்பார். "உங்களுக்குப் பிறகு யார் என்று முடிவு செய்யுங்கள். சித்தியா, மாமாவா, அவர் பெயரைச் சொல்லிப் பையனிடமே பேசுங்கள்" என்பார். அவன் கேட்கத் துடிக்கிற கேள்விக்கு அங்கே பதில் கிடைக்கிறது.

மனநலம் என்றாலே நம் பாட்டிமாருக்கு நடுக்கம் வருகிறது என்றார் எதிரணியில் ஒரு தம்பி. வராமல் என்ன செய்யும்? ஏர்வாடி நம் ராமநாதபுரம் மாவட்டம்தானே. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிக்கிடந்த 28 பேர் தப்ப வழியில்லாமல் இறந்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட பாட்டி, பேரனை ஆலோசகரிடம் கூட்டிப்போக யோசிக்கத்தான் செய்வார். ஆனால் 2017 மனநலச் சட்டம் சங்கிலியை எந்த வடிவிலும் தடை செய்திருக்கிறது. ஏர்வாடி தர்காவிலேயே இன்று துவா எனும் பிரார்த்தனையோடு மருந்தும் உண்டு. கயிறு கட்டுவதை விடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அது பாட்டுக்குக் கையில் இருக்கட்டும்.

ஊரில் டாக்டர் எங்கே என்கிறீர்களா? 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல ஆலோசனைத் தொலைபேசி எண். 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது. இலவசம், ராத்திரி பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். அப்பத்தாவும் பேசலாம். காசுக் கவலை இருந்தால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுக்கலாம். உறவினரிடம் வளரும் ஆதரவற்ற பிள்ளைக்கு, தகுதி இருந்தால் மாதம் 4,000 ரூபாய் வரை உதவித்தொகை உண்டு. அந்த மனுவை எழுதித்தர ஒரு ஆள் வேண்டும் என்பதும் எங்கள் கட்சியில் சேர்த்திதான்.

மணி அடித்துவிட்டது, நடுவரே. எதிரணியிடம் ஒன்று மட்டும் கேட்டுவிட்டு இறங்குகிறேன். பையனுக்கு அப்பத்தா இருக்காங்க, சரி. அந்த அப்பத்தாவுக்கு யார் இருக்காங்க?