கணக்கைக் கொடுத்தது யார்?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

1995ஆம் ஆண்டு மார்ச் 20, திங்கட்கிழமை. டோக்கியோ நகரில் வேலைக்குப் போகிறவர்கள் முண்டியடிக்கும் காலை நேரம். சுரங்க ரயிலின் மூன்று தடங்களில் ஓடிய ஐந்து வண்டிகளில் ஐந்து ஆண்கள் ஏறினார்கள். செய்தித்தாளில் சுற்றிய பிளாஸ்டிக் பைகளைக் காலடியில் போட்டார்கள். முனையைக் கூராக்கி வைத்திருந்த குடையால் அவற்றைக் குத்திவிட்டு இறங்கிப் போய்விட்டார்கள். பைகளில் இருந்தது சாரின் என்னும் நரம்பு நஞ்சு. அதற்குப் பதின்மூன்று பேருக்குக் குறையாமல் பலியானார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். பலருடைய கண்களும் நரம்புகளும் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

இதைச் செய்தது ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக்குழு. ஷோகோ அசஹாரா என்று பெயர் வைத்துக்கொண்ட, பார்வைக் குறைபாடுள்ள ஒரு அக்குபங்சர் வைத்தியர் 1984இல் யோகா வகுப்பாகத் தொடங்கியது அது. இமயமலையில் தனக்கு ஞானம் கிடைத்ததாகச் சொல்லிக்கொண்டார். 1990 நாடாளுமன்றத் தேர்தலில் தானும் சீடர்களுமாக 25 பேரை நிறுத்தினார். ஒருவர்கூட வெல்லவில்லை. அதற்குப் பிறகு உலகம் அழியப்போகிறது, நாம் மட்டுமே மிஞ்சுவோம் என்ற பேச்சு வலுத்தது.

இப்படிப்பட்ட குருமார்கள் எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் உண்டு. அதனால் அசஹாராவை இத்துடன் விட்டுவிடுகிறேன். என் தூக்கத்தைக் கெடுத்தவர்கள் குடையோடு போன அந்த ஐந்து பேர்தான். இகுவோ ஹயாஷி, புகழ்பெற்ற கெய்ஓ பல்கலைக்கழகத்தில் படித்த இதய அறுவை மருத்துவர். தோரு தொயோதா, டோக்கியோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர். கெனிச்சி ஹிரோசே, வசேதா பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு இயற்பியல் படித்தவர். மற்ற இருவரும் அறிவியல், தொழில்நுட்பம் படித்தவர்களே. நஞ்சைத் தயாரித்த மசாமி சுசியா, சுகுபா பல்கலைக்கழகத்தில் வேதியியலில் முதுகலை முடித்தவர். இவர்களுக்கெல்லாம் மேலே இருந்த ஹிடியோ முராய், வானியற்பியல் படித்துவிட்டு ஒரு பெரிய எஃகு நிறுவனத்தில் பணியாற்றியவர். நம் ஊரில் ஒரு தகப்பன் தன் மகன் எப்படி வர வேண்டும் என்று கனவு காண்பாரோ, அப்படி வந்த பிள்ளைகள்.

நான் வாழ்நாள் முழுவதும் பொறியியல் கல்லூரியில் வேதிப் பொறியியல் கற்பித்தவன். ஆகவே இந்தக் கேள்வியை என்னால் தள்ளிவைக்க முடியவில்லை: தொழிற்படிப்புக்கும் தீவிரவாதத்துக்கும் ஏதாவது தொடர்பு இருக்கிறதா?

இதை முறையாக ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். சமூகவியலாளர் டியேகோ கம்பெட்டாவும் அரசியல் அறிஞர் ஸ்டெஃபன் ஹெர்டோக்கும் இஸ்லாத்தின் பெயரால் ஆயுதம் எடுத்த குழுக்களில் இருந்த சில நூறு பேருடைய பின்னணியைச் சேகரித்தார்கள். 2007இல் முதல் முடிவுகள் வந்தன. 2016இல் புத்தகமாக விரிந்தது. உயர்கல்வி பெற்றவர்களில் என்ன படித்தார்கள் என்று தெரியவந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய 45 சதவீதம் பேர் பொறியாளர்கள். அந்த நாடுகளின் மக்கள்தொகையையும் கல்வியையும் வைத்துக் கணக்கிட்டால் 12 சதவீதம் அளவில்தான் இருந்திருக்க வேண்டும். 2001 செப்டம்பர் 11 தாக்குதலை முன்னின்று நடத்திய முகமது அத்தா கெய்ரோவில் கட்டடக்கலையும் ஹாம்பர்க்கில் நகரத் திட்டமிடலும் படித்தவர். அதற்குத் திட்டம் போட்ட காலித் ஷேக் முகமது அமெரிக்காவிலேயே இயந்திரப் பொறியியல் பட்டம் வாங்கியவர்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். உலகில் கோடிக்கணக்கான பொறியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் தீவிரவாதியானவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவினர். பொறியாளரைப் பார்த்து யாரும் சந்தேகப்பட வேண்டியதில்லை. இது ஒரு மதத்துக்கு மட்டும் உரிய நோயும் அல்ல. அதே ஆய்வு, தீவிர வலதுசாரி வன்முறைக் குழுக்களிலும் பொறியாளர்கள் அளவுக்கு மீறி இருப்பதைக் காட்டுகிறது. ஹிட்லரின் ஜெர்மனியில் ஏறத்தாழப் பாதி மருத்துவர்கள் நாஜிக் கட்சியில் சேர்ந்தார்கள். 1946இல் நியூரெம்பர்க்கில் தொடங்கிய மருத்துவர் வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 23 பேரில் 20 பேர் மருத்துவர்கள். ஆனால் இடதுசாரி ஆயுதக் குழுக்களில் பொறியாளர்கள் அபூர்வம். இத்தாலியின் செம்படையணியைத் தொடங்கிய ரெனாத்தோ குர்சியோ சமூகவியல் மாணவர். பெரு நாட்டில் ஒளிரும் பாதை இயக்கத்தை நடத்திய அபிமாயேல் குஸ்மான் தத்துவப் பேராசிரியர். ஆகவே எந்தப் படிப்பும் தனக்குப் பங்கில்லை என்று கைகழுவிவிட முடியாது. ஒவ்வொரு படிப்பும் ஒவ்வொரு பக்கம் சாய்கிறது.

ஏன் இப்படி? ஆய்வாளர்கள் இரண்டு காரணங்களைச் சொல்கிறார்கள். முதலாவது ஏமாற்றம். எகிப்தில் பள்ளி இறுதித் தேர்வில் உச்ச மதிப்பெண் எடுத்தவர்களுக்குத்தான் மருத்துவமும் பொறியியலும் கிடைக்கும். அதிபர் நாசர் காலத்தில் பட்டதாரிகளுக்கு அரசு வேலை உறுதி என்றார்கள். பிறகு பொருளாதாரம் சரிந்தது, வாக்குறுதி காற்றில் போனது. நாட்டை நிர்மாணிக்கப் போகிறோம் என்று நம்பிப் படித்தவன் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தான். அந்தக் கோபத்துக்கு மதத்தின் பெயரால் ஒரு வழி காட்டப்பட்டது. எண்ணெய்ப் பணத்தால் பொறியாளர்களுக்குத் தாராளமாக வேலை கிடைத்த சவூதி அரேபியாவில் மட்டும் தீவிரவாதிகளிடையே பொறியாளர்களின் பங்கு கூடவில்லை. இது இந்த விளக்கத்துக்கு நல்ல சான்று.

ஆனால் ஜப்பானுக்கு இது பொருந்தவே பொருந்தாது. 1980களின் ஜப்பானில் பணம் புரண்டு ஓடியது. ஹயாஷி ஒரு மருத்துவமனையில் துறைத் தலைவர். முராய் நல்ல வேலையில் இருந்தவர். யாரும் வயிற்றுப்பாட்டுக்காகத் துறவியாகவில்லை.

அதனால்தான் இரண்டாவது காரணம் முக்கியமாகிறது. அதை மனப்பாங்கு என்கிறார்கள். எதற்கும் ஒரே ஒரு திட்டவட்டமான விடை வேண்டும் என்ற தவிப்பு. ஒழுங்கின்மை மீதும் அசுத்தம் மீதும் அருவருப்பு. நம்மவர், அந்நியர் என்று கோடு கிழிக்கும் பழக்கம். இந்தக் குணங்கள் உள்ளவர்கள் பொறியியலைத் தேடி வருகிறார்கள் என்று கம்பெட்டாவும் ஹெர்டோக்கும் கருதுகிறார்கள். இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. எகிப்திலும் சரி, நம் தமிழ்நாட்டிலும் சரி, என்ன படிப்பது என்பதைப் பிள்ளையின் குணமா தீர்மானிக்கிறது? கட்-ஆஃப் மதிப்பெண் தீர்மானிக்கிறது, பெற்றோர் தீர்மானிக்கிறார்கள். அப்படியானால் வகுப்பறைக்குள் நாங்கள் என்ன செய்கிறோம் என்பதையும் பார்த்தாக வேண்டும்.

என் துறையை வைத்தே சொல்கிறேன். ஃபூஜி மலையடிவாரத்தில் காமிகுயிஷிகி என்ற கிராமத்தில் ஓம் குழு ஒரு ஆலையைக் கட்டியது. வெளியே இருந்து வருகிறவர்களுக்குச் சிவனின் பெரிய உருவம் வைத்த வழிபாட்டுக் கூடம்தான் தெரியும். அதற்குப் பின்னால் மூன்று மாடி உயரத்துக்கு வேதியியல் எந்திரங்கள். 70 டன் சாரின் தயாரிப்பது அவர்கள் திட்டம். ஆலை முழுமையாக ஓடவில்லை. கசிவும் கோளாறுமாகவே கிடந்தது. ஆய்வகத்தில் ஒரு குடுவையில் செய்ததை ஆலை அளவுக்குக் கொண்டுபோவது எவ்வளவு பெரிய வேலை என்று எங்கள் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆயிரம் சின்னச் சின்ன முடிவுகள். இந்தக் குழாய் அரிப்பைத் தாங்குமா? இந்த வால்வு போதுமா? காற்றை எப்படி வெளியேற்றுவது? ஒவ்வொன்றும் நேர்மையான, சுத்தமான பொறியியல் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் விடை கண்டுபிடித்த இளைஞன் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பான். எதற்காக என்ற கேள்வி அந்த ஆயிரத்தில் ஒன்றாக வரவே வராது. அதை வேறொருவர் ஏற்கெனவே முடித்து வைத்துவிட்டார்.

நாங்கள் வகுப்பில் பழக்குவதும் இதைத்தான். கணக்குத் தாளில் என்னென்ன கொடுக்கப்பட்டுள்ளன, என்ன காண வேண்டும் என்று தெளிவாக இருக்கும். கொடுக்கப்பட்டதைச் சந்தேகிக்கிற மாணவனுக்கு மதிப்பெண் கிடையாது. ஒரு பாலம் கட்ட இந்த ஒழுக்கம் தேவை, ஒரு மருந்து தயாரிக்கவும் தேவை. ஆனால் கணக்கைக் கொடுப்பவர் யார் என்பதைப் பார்க்கக் கற்றுத்தராமல் தீர்க்க மட்டும் கற்றுத்தந்தால், நாளைக்கு எவர் வந்து கணக்கைக் கொடுத்தாலும் பையன் தீர்த்துக் கொடுப்பான். இரண்டு ஆய்வாளர்களும் சொல்லும் காரணங்களோடு இதையும் சேர்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

ஹயாஷியை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளிகளின் மரணம் அவரை உலுக்கியது. மருத்துவம் பதில் சொல்லாத கேள்விகளுக்கு விடை தேடித்தான் அவர் ஆசிரமத்துக்குப் போனார். நல்ல தேடல் என்றே சொல்வேன். உள்ளே போனதும் அவரிடம் இருந்த திறமை முழுவதும் குருவின் உடைமை ஆனது. குழுவை விட்டு ஓட நினைத்தவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்தார், நினைவை அழிக்க மின்னதிர்ச்சி கொடுத்தார். தாக்குதலன்று சகாக்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று முறிமருந்து ஊசிகளையும் அவரே பங்கிட்டார். பாருங்கள், மருத்துவரின் முன்யோசனை கடைசிவரை குறையவில்லை. யாருக்காக அந்த முன்யோசனை என்பது மட்டும் மாறிப்போனது. ரயிலில் தயக்கம் வந்தது என்று பிறகு ஒப்புக்கொண்டார். இருந்தும் குத்தினார். அவருடைய பையிலிருந்து கசிந்ததைச் சுத்தம் செய்த நிலைய ஊழியர்கள் இருவர் இறந்தார்கள். கைதான பின் முழுவதையும் ஒப்புக்கொண்டதால் அவருக்கு ஆயுள் தண்டனை. மற்ற நால்வருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது.

அதே குழுவில் தொமோமசா நகாகவா என்ற இன்னொரு மருத்துவர். 1989இல் ஓம் குழுவை எதிர்த்த ஒரு வழக்கறிஞரையும், அவர் மனைவியையும், ஒரு வயதுக் குழந்தையையும் கொன்றவர்களில் ஒருவர். 2017இல் மலேசிய விமான நிலையத்தில் வடகொரியத் தலைவரின் மாற்றாந்தாய் வழி அண்ணன் வி.எக்ஸ். என்னும் நரம்பு நஞ்சால் கொல்லப்பட்டார் அல்லவா? அந்த நஞ்சை முன்பு ஓம் குழுவும் பயன்படுத்தியிருந்தது. தூக்குக் கைதியாக இருந்த நகாகவா, ஒரு நச்சியல் அறிஞரோடு சேர்ந்து அதைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதினார். 2018இல் அது அறிவியல் இதழில் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் அவரும் அசஹாராவும் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தக் கட்டுரையை அவர் மனம் திருந்தியதற்கு அடையாளமாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் தெரிவது ஓய்வறியாத ஒரு பயிற்சி. நல்லது கெட்டது இரண்டுக்கும் ஒரே சுறுசுறுப்போடு வேலை செய்கிற பயிற்சி.

அதே பயிற்சிதான் அன்று டோக்கியோவைக் காப்பாற்றியதும். 1994 ஜூனில் மத்சுமோத்தோ என்ற நகரில் இதே குழு சாரினைப் பரப்பியபோது, அங்குள்ள ஷின்ஷு பல்கலைக்கழக மருத்துவமனையில் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவர் நோபுவோ யானகிசாவா. டோக்கியோ செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்ததும், மக்களின் அறிகுறிகளிலிருந்து இது அதேதான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. யாரும் அவரைக் கேட்கவில்லை. அவராகவே டோக்கியோ மருத்துவமனைகளைத் தொடர்புகொண்டு சிகிச்சைக் குறிப்புகளை அனுப்பினார். புனித லூக்கா மருத்துவமனைக்கு மட்டும் அன்று 640 பேர் வந்து குவிந்திருந்தார்கள். ஹயாஷிக்கு இருந்த அதே மருத்துவ அறிவு, அதே வேகம். தனக்கான கணக்கை யானகிசாவா தானே கண்டெடுத்துக்கொண்டார்.

நம் பொறியியல் பாடத்திட்டத்திலும் தொழில் அறநெறி என்று ஒரு தாள் இருக்கிறது. அதை எப்படிப் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அறநெறி என்றால் என்ன, இரண்டு மதிப்பெண். நேர்மையை வரையறுக்க, இரண்டு மதிப்பெண். முந்தைய ஆண்டு வினாத்தாளைப் பார்த்து உருப்போட்டுவிட்டு எழுதிவிடுகிறார்கள். அந்தத் தாளை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. வடிவமைப்புத் தேர்வுக்குள்ளேயே, எந்திரங்களுக்கும் குழாய்களுக்கும் நடுவே, ஒரு கேள்வி வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். விவரங்கள் எல்லாம் சரியாக இருக்கட்டும், கணக்கும் தீரக்கூடியதாகவே இருக்கட்டும். ஆனால் அந்த ஆலை செய்யக்கூடாத ஒன்றைச் செய்வதற்கானது. எதற்கான ஆலை என்பதை மாணவன் தரவுகளைப் படித்துத் தானே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்து, "இதை நான் வடிவமைக்க மாட்டேன், காரணம் இவை" என்று எழுதினால் அவனுக்கு முழு மதிப்பெண். மளமளவென்று வடிவமைத்துக் கொடுத்தவன், விடை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அந்தத் தேர்வை மறுபடி எழுதட்டும்.

நன்றி, வணக்கம்.