941-வதாக அழைக்கப்பட்ட பெயர்

வணக்கம் நண்பர்களே! முதலில் என் கையில் இருக்கும் இந்தக் கையுறையைப் பாருங்கள். நீளம் 12.75 அங்குலம். பேஸ்பாலில் அவுட்ஃபீல்டர்கள், அதாவது மைதானத்தின் கடைக்கோடிப் புல்வெளியைக் காப்பவர்கள், அணிவது. உள்ளே நிற்பவர்களின் கையுறை இதைவிடச் சிறியது; பந்தைப் பிடித்த கணமே எடுத்து எறிய வேண்டும் அவர்களுக்கு. இவர்களுக்கோ, எட்டாத பந்து எட்ட வேண்டும். அந்தக் கலையில் எனக்கு மிகப் பிடித்தவர் கெவின் கியர்மேயர்.

2010-ஆம் ஆண்டு டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், டாம்பா பே ரேஸ் அணி அவரை 31-வது சுற்றில் எடுத்தது. அவருக்கு முன்னால் 940 பேர்! இன்றைய டிராஃப்ட் 20 சுற்றுகளோடு முடிந்துவிடுகிறது. இப்போது என்றால் அவர் பெயரே அதில் வந்திருக்காது. நினைத்தாலே மனம் பதறுகிறது.

2013 செப்டம்பர் 30. பட்டத்துக்கான இறுதிக்கட்ட ஆட்டங்களான பிளேஆஃபுக்குள் நுழைவது ரேஸா, டெக்சாஸ் ரேஞ்சர்ஸா என்று தீர்மானிக்கும் ஒற்றை ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸில், அதுவரை அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட ஆடாத இந்த 23 வயது இளைஞரை சென்டர் ஃபீல்டுக்கு, அதாவது அவுட்ஃபீல்டின் நடுப்பகுதிக்கு, அனுப்பினார்கள். மட்டையைத் தொடவே இல்லை. ஃபீல்டிங்குக்காக மட்டுமே அறிமுகம். எவ்வளவு நம்பிக்கை இருந்திருந்தால் அப்படிச் செய்திருப்பார்கள்!

2015-இல் நடந்ததுதான் விந்தை. சராசரி ஃபீல்டர் ஒருவரோடு ஒப்பிட்டு, தடுத்த ரன்களை எண்ணும் ஒரு கணக்கு 2003 முதல் இருக்கிறது. அந்த சீசனில் அவர் கணக்கு 42. அதுவரை யாரும் அந்த உயரத்தைத் தொட்டதில்லை. அவரவர் இடத்தில் சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு குளோவ் விருதும், அந்த வெற்றியாளர்களிலேயே சிறந்தவருக்கான பிளாட்டினம் குளோவும் வந்தன. 2016, 2019, பிறகு டொராண்டோ அணிக்காக 2023 என்று மொத்தம் நான்கு கோல்டு குளோவ்.

பேட்டிங் சராசரி 0.246தான்; அதாவது ஏறக்குறைய நான்கு வாய்ப்புக்கு ஒரு ஹிட். அதைச் சொல்லி அவரைக் குறைத்துப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தடுத்த ரன்னும் அடித்த ரன்னும் ஸ்கோர்போர்டில் ஒரே எடைதான். அதற்கு அவர் உடம்பையே விலையாகக் கொடுத்தார். 2016-இல் பந்துக்குப் பாய்ந்து கை எலும்பு முறிந்தது. 2022-இல் இடுப்பில் அறுவை சிகிச்சை. அத்தனைக்கும் பிறகு 2024-இல் டாட்ஜர்ஸ் அணியோடு, மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்று ஓய்வு பெற்றார்.

பால்டிமோரில் 2015-இல் மானி மச்சாடோ அடித்த பந்தைச் சுவருக்கு மேலே எழும்பிப் பறித்த கேட்சை இப்போது மெதுவாக ஓட்டுகிறேன். பந்தை விட்டுவிடுங்கள். மட்டையில் பட்ட அந்த நொடியில் அவர் கால்கள் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்று பாருங்கள்.