கொடைக்கானல் கேடயவால் பாம்பு: ஒருவழியாக உயிரோடு!

வணக்கம் மக்களே! முதலில் ஒரு எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். போன ஷார்ட்ஸுக்குக் கீழே "அண்ணே, இருதலைப் பாம்புதானே, எத்தனை லட்சம் போகும்?" என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வது மண்ணுளிப் பாம்பை. அதற்கு லட்சக்கணக்கில் விலை என்பதே மோசடிக்காரர்கள் கட்டிவிட்ட கதை. விற்கப் போனால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் உள்ளே போக வேண்டியதுதான். நான் காட்டியது, கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரின் கேடயவால் பாம்பு. நன்றாக வளர்ந்தாலே ஒன்றேகால் அடிதான். விஷமும் கிடையாது.

இதுவரை சாலையில் நசுங்கிக் கிடந்ததைத்தானே காட்டினேன்? இந்த முறை உயிரோடு! ராத்திரி முழுக்க மழை. மண்ணில் தண்ணீர் தேங்கினால் இவை மேலே வந்துவிடும்.

மழை என்றதும் ஞாபகம் வருகிறது. கேமராவுக்கு ரெயின் கவர் கேட்டால் 1,850 ரூபாயாம்! ஒரு பிளாஸ்டிக் பை, ஓரத்தில் எலாஸ்டிக், அவ்வளவுதான். போங்கடா என்று லாட்ஜில் கொடுத்த ஷவர் கேப்பில் லென்ஸுக்கு ஓட்டை போட்டு, ரப்பர் பேண்டை இறுக்கி மாட்டிவிட்டேன். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. சிரிக்காதீர்கள், மிச்சமான காசில்தான் பெட்ரோல் போட்டேன்.

சரி, பாம்புக்கு வருவோம். பழுப்பு உடம்பு, வாயோரத்திலிருந்து கழுத்துவரை மஞ்சள் கோடு. வாலை ஜூம் பண்ணுகிறேன். செதில்களில் வரிவரியாக மேடு தெரிகிறதா? அதில்தான் ஈரமண் அப்பிக்கொள்கிறது.

இது தோண்டும் விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தோல் நேராக இருக்க, உள்ளே முதுகெலும்பு மட்டும் வளைந்து நெளியும். முன்னுடம்பு பருத்து வளையின் சுவரை அழுத்திப் பிடித்துக்கொள்ள, தலை மண்ணைக் குத்திக்கொண்டு போகும். விலங்கியலாளர் கார்ல் கேன்ஸ் குழுவின் 1978ஆம் ஆண்டு ஆய்வுக்கட்டுரை இதைச் சரக்கு ரயில் என்கிறது. முன்பக்கத் தசை அடர்சிவப்பு, அதுதான் இஞ்சின். பின்பக்கம் வெளுத்த பெட்டிகள், சும்மா இழுபட்டு வரும்.

ஐயோ, சாப்பாட்டைச் சொல்லவே இல்லையே! மண்புழு. அப்புறம், இது முட்டையிடாது, குட்டிதான் போடும். 1863இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெடோம்.

மழைக்காலத்தில் மலைப்பாதையில் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். அடிபட்டுக் கிடந்தால் படமெடுத்து, இடத்தையும் குறிப்பிட்டு, உயிரினங்களைப் பதிவுசெய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றுங்கள். எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், குட் மார்னிங் படங்களுக்குள் காணாமல் போய்விடும்.