பிளாஸ்டிக் கவரில் போன லுங்கி

வணக்கம். சென்னையில் சப்-இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன் நான். புலன்விசாரணையைப் பற்றி நேயர்களுக்குச் சொல்லுங்கள் என்று கேட்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஒரு லுங்கிதான்.

வடசென்னையில் ஒரு கொலை. சந்தேகப்பட்ட ஆளின் வீட்டு மொட்டை மாடியில் ரத்தக்கறையோடு ஈர லுங்கி ஒன்று கிடைத்தது. கைக்குக் கிடைத்த பிளாஸ்டிக் கவரில் அதைப் போட்டு, இறுக்கிக் கட்டி, ஸ்டேஷன் பீரோவில் வைத்துவிட்டோம். லேபுக்குப் போகவே மூன்று வாரம் ஆனது. அதற்குள் துணி முழுக்கப் பூஞ்சணம். ரத்தம்தான், ஆனால் யாருடையது என்று சொல்ல இயலவில்லை என்று அறிக்கை வந்தது. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், விடுதலை ஆகிவிட்டார். இறந்த பையனின் அம்மா கோர்ட் வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தத் துணியில ரத்தம் இருந்ததை நானே பார்த்தேனே சார், அது எப்படி சார் இல்லாமப் போச்சு?" என்று கேட்டார். இன்றுவரை எனக்கு அதற்குப் பதில் இல்லை.

ஈரத் துணியை நிழலில், காற்றாட உலர்த்த வேண்டும். கறை இன்னொரு பக்கத்தில் ஒட்டாதபடி நடுவில் வெள்ளைத் தாள் வைத்து மடித்து, காகித உறையில்தான் போட வேண்டும். பிளாஸ்டிக் ஈரத்தை வெளியே விடாது, உள்ளே கிருமி வளர்ந்து டி.என்.ஏ.வைத் தின்றுவிடும். அவ்வளவு சின்ன விஷயம்தான். ஒரு காகித உறை என்ன விலை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உறையில் போட்ட பிறகு அரக்கு முத்திரை, சாட்சிகளின் கையெழுத்து, மகஜர், அதாவது எந்தப் பொருளை எங்கே எப்படி எடுத்தோம் என்று சாட்சிகள் முன்னால் எழுதும் குறிப்பு. அப்புறம்தான் பெரிய வேலையே இருக்கிறது. அந்தப் பொருளை எந்தக் காவலர், எத்தனை மணிக்கு, யாரிடமிருந்து வாங்கி யாரிடம் கொடுத்தார் என்று ஒவ்வொரு கையும் எழுத்தில் வந்தாக வேண்டும். கைப்பற்றிய பொருளுக்கான படிவம் 95-இல் எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்பி, நீதிமன்றத்தின் கடிதத்தோடு அது மயிலாப்பூர் காமராஜர் சாலையில் இருக்கிற தடய அறிவியல் துறைக்குப் போகும். நடுவில் இரண்டு நாள் கணக்கில் இல்லை என்றால் எதிரியின் வக்கீல் கேட்பார், அந்த இரண்டு நாளும் பொருள் எங்கே இருந்தது என்று. அவர் கேட்பது நியாயம்தான். நிரபராதி ஒருவர் கூண்டில் நின்றால் அவரைக் காப்பாற்றப்போவதும் அதே கேள்விதான்.

தடய அறிவியலில் இந்த ஊருக்குப் பழைய பெயர் உண்டு. இந்தியாவிலேயே முதல் ரசாயனப் பரிசோதனைக் கூடம் 1849-இல் சென்னையில்தான் வந்தது. 1952-இல் நடந்த ஆளவந்தார் கொலை வழக்கைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தலையில்லாத உடல் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டியில் மானாமதுரை வரைக்கும் போய்விட்டது, தலை இங்கே ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. டி.என்.ஏ. சோதனை என்ற பேச்சே இல்லாத காலம் அது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் அமைப்பைப் பார்த்தார்கள். கொலையான ஆளவந்தார் முன்பு ராணுவத்தில் இருந்தவர் என்பதால் அங்கே இருந்த கைரேகையோடு ஒப்பிட்டார்கள். இன்னார்தான் என்று நிரூபித்தார்கள். எழுபது வருடத்துக்கு முன்னால் அந்தப் பொறுமை இருந்திருக்கிறது.

இப்போது எந்த வழக்கை எடுத்தாலும் கேமரா. சென்னை போலீஸின் "மூன்றாவது கண்" கேமரா திட்டத்துக்குப் பிறகு தெருவுக்குத் தெரு கேமரா வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் கடைகளில் இருக்கும் ரெக்கார்டர் இடம் நிரம்பியதும் பழைய காட்சியின் மேலேயே புதியதைப் பதிந்துவிடும், சில கடைகளில் ஒரே வாரம்தான் தாங்கும். அதனால் முதல் நாளே போக வேண்டும். போனதும் அந்த ரெக்கார்டரின் கடிகாரத்தை நம் கடிகாரத்தோடு ஒப்பிட்டு, எத்தனை நிமிடம் முந்துகிறது, பிந்துகிறது என்று எழுதிவிட வேண்டும். நிறைய கடைகளில் மணி தப்பாகத்தான் ஓடும். பென் டிரைவில் நகல் எடுத்தால் மட்டும் போதாது, 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி, அந்தப் பதிவு எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று சொல்லும் சான்றிதழும் வேண்டும். கோப்புக்கு ஹேஷ் மதிப்பு என்று ஓர் எண் போடுகிறார்கள். உள்ளே ஓர் இடத்தில் கை வைத்தாலும் அந்த எண் மாறிவிடும், மனிதனுக்குக் கைரேகை மாதிரி.

போலீசிடம் ஒப்புக்கொண்டதை வைத்துத் தண்டனை கொடுக்க முடியாது என்பது நிறைய பேருக்குத் தெரியவில்லை. எதிரி சொன்னதால் புதிதாக ஒரு பொருள் கிடைத்தால், அந்தப் பொருளோடு சம்பந்தப்பட்ட அளவுக்கு மட்டும்தான் அவருடைய பேச்சு செல்லும். அடித்து வாங்குகிற வாக்குமூலம் சட்டப்படி குற்றம், அது இருக்கட்டும், அதனால் விசாரணையே கெட்டுப்போகிறது. ஆள் ஒப்புக்கொண்டுவிட்டான் என்ற தெம்பில் கைரேகை எடுக்க மாட்டார்கள், டீக்கடைக்காரரை விசாரிக்க மாட்டார்கள். நான் பார்த்து நொந்துபோன வழக்குகளில் பாதி இப்படிப் போனவைதான்.

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சோதனை போடுவதையும் பொருளைக் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால் தடயவியல் நிபுணர் நேரில் வர வேண்டும், இதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்து வருட அவகாசம் உண்டு. எனக்கு ரொம்பச் சந்தோஷம். என் காலத்தில் இருந்திருந்தால் அந்த லுங்கி பிளாஸ்டிக்கில் போயிருக்காது.

சரி, நேயர்களுக்கு இரண்டு வேண்டுகோள். வீட்டில் திருட்டு நடந்தால் முதல் வேலையாகப் பீரோவை ஒழுங்குபடுத்தாதீர்கள், திறந்து கிடப்பது அப்படியே கிடக்கட்டும். போலீஸ் வந்து உங்கள் கைரேகையையும் எடுத்தால் கோபப்படாதீர்கள், உங்களுடையதைக் கழித்தால்தான் திருடனுடையது எதுவென்று தெரியும். யாராவது இறந்துகிடந்தால் மஞ்சள் தண்ணீர் தெளித்துத் தரையைக் கழுவுகிற வழக்கம் உண்டு. சந்தேகம் இருக்கிற சாவு என்றால் போலீஸ் வரும்வரை பொறுத்திருங்கள்.

அப்புறம் மகஜர் சாட்சி. அக்கம்பக்கத்தில் கூப்பிட்டால் எல்லாரும் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். தயவுசெய்து வாருங்கள். பொருளை உங்கள் கண் முன்னால் எடுக்கிறார்களா, உறையில் போட்டு முத்திரை வைக்கிறார்களா என்று பாருங்கள், எழுதியதை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் போடச் சொன்னால், கேட்பவர் எந்த அதிகாரியாக இருந்தாலும் சரி, மறுத்துவிடுங்கள். இரண்டு, மூன்று வருடம் கழித்துச் சம்மன் வரும். அன்றைக்கு ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் போய், பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள். சாட்சிப் படி என்று செலவுக்குப் பணம் உண்டு, நீதிமன்றத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.