எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

வணக்கம் நேயர்களே. கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸ் மலைகளில் தார்ச்சாலையும் மண்பாதையுமாகக் கலந்து ஒருநாள் சைக்கிளில் சுற்றிவர எப்படித் திட்டமிடுவது என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஐந்து நிமிடம்தான். எல்லோரும் முதலில் கேட்பது, “எத்தனை மைல்?” நான் கேட்பது, “எந்தப் பக்கமாகச் சுற்றப் போகிறீர்கள்?”

ஹாஃப் மூன் பே கடற்கரைக்குப் பிள்ளைகளோடு போயிருப்பீர்கள். காலையில் சாதுவாக இருக்கும் காற்று, மதியத்துக்கு மேல் மணலை வாரி முகத்தில் அடிக்கும். காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வோம். சைக்கிளுக்கு ஏது கதவு? வசந்தத்திலும் கோடையிலும் இங்கே காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வரும். வெயில் ஏற ஏற உள்நாட்டுச் சமவெளி சூடாகி, கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்றை இழுக்கும். அதனால் பிற்பகலில் வேகம் கூடும். ஆகவே கடலோரத்தில் வடக்கிலிருந்து தெற்கே போக வேண்டும்.

என் நண்பர் ஒருவர், பெயர் வேண்டாம், இதைக் கேட்டுக்கொண்டிருப்பார், நான் சொல்லப்போகும் சுற்றைத் தலைகீழாகப் போட்டார். கால் தெம்பாக இருக்கும்போதே மண்பாதையை முடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. பேச்சுக்கு நியாயம்தான். பெஸ்கடேரோ என்ற சிற்றூரில் ஆர்டிசோக் ரொட்டி சாப்பிடும்வரை நியாயமாகவே இருந்தது. அப்புறம் வடக்கே திரும்பினோம். இறக்கத்திலும் மிதிக்க வேண்டியிருந்தது, ஐயா! இறக்கத்திலும்! மனிதர் என் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு, “இது ஏற்றமா இறக்கமா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். இத்தனைக்கும் அந்த ரொட்டிக்காகத்தான் அவர் வந்ததே.

சரி, என் சுற்று இது. காலையில் உட்சைடு ஊரிலிருந்து கிங்ஸ் மவுன்டன் சாலையில் ஏறி, மலை முகட்டில் ஓடும் ஸ்கைலைன் சாலையைக் கடந்து, டூனிடாஸ் க்ரீக் சாலை வழியாகக் கடலுக்கு இறங்குங்கள். அங்கிருந்து தெற்கே, ஸ்டேஜ் ரோடு வழியாகப் பெஸ்கடேரோ. காற்று முதுகில். பிறகு கிழக்கே லோமா மார் தாண்டி ஓல்டு ஹால் ரோடு. ஒரு காலத்தில் வெட்டிய மரத்தைக் கொண்டுபோகப் போட்ட பாதை; சுமார் 6 மைல் மண்ணும் சரளையும், தலைக்கு மேலே செம்மரக் காடு. செம்மரம் என்றதும் ஆந்திரத்துச் செம்மரத்தை நினைக்காதீர்கள். இது ரெட்வுட், வானளாவும் சாதி. அந்தப் பாதை போர்ட்டோலா பூங்காவில் முடியும். அங்கிருந்து மறுபடி ஸ்கைலைனுக்கு ஏற ஏறக்குறைய 2,000 அடி. கடைசியில் இவ்வளவு ஏற்றமா என்பீர்கள். ஏற்றத்தை வரைபடத்தில் முன்கூட்டியே பார்த்துவிடலாம், கியரைக் குறைத்து மெதுவாக மிதிக்கலாம். எதிர்காற்றுக்கு அப்படி ஒரு வழியும் இல்லை. திரும்பவும் சொல்கிறேன்: கடலோரம், வடக்கிலிருந்து தெற்கே.

இன்னொன்று. 2020 ஆகஸ்ட்டில் மின்னல் விழுந்து பற்றிய தீ இந்தப் பக்கம் 86,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. 1902-இல் அமைந்த பிக் பேசின் பூங்காவும் தப்பவில்லை. செம்மரங்கள் கருகிய அடிமரத்திலேயே துளிர்க்கின்றன. பாதைகள் அப்படித் தாமாக முளைக்காது. பழைய வரைபடத்தில் கோடு இருக்கிறது என்று நம்பிப் போகாதீர்கள். முந்தின நாளே பூங்கா அறிவிப்பைப் பாருங்கள். மழைக்குப் பின் சில மண்பாதைகளில் சைக்கிளை விடமாட்டார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். டயர் 40 மில்லிமீட்டர் அகலம் இருக்கட்டும், மண்ணுக்கு வந்ததும் காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள். தண்ணீரைப் பெஸ்கடேரோவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். காட்டுக்குள் கைபேசி சரியாக எடுக்காது, வீட்டில் வழியைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். மும்மூன்று இலையாக இருக்கும் பாய்சன் ஓக் செடியைத் தொடாதீர்கள், அரித்துத் தள்ளிவிடும். விளக்கு பற்றி… சரி, சரி, முடித்துவிட்டேன். வணக்கம்.